மருத்துவமனைக்கு நிதி திரட்டும் ஜாஸ் கச்சேரி: நன்கொடையை ஏற்க எழுத்து மூலம் முன் ஒப்புதல் கோரும் மனு

அனுப்புநர்:
கோயில் நிர்வாகக் குழுவினர், இளைஞர் இசைக் குழுவினர்,
டர்பன் வட்டாரம், குவாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
மாகாணச் சுகாதாரத் துறை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

பொருள்: அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சக்கர நாற்காலிகளும் ரத்த அழுத்தக் கருவிகளும் வழங்க முன் ஒப்புதல் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் செப்டம்பர் 24, பாரம்பரிய நாள் விடுமுறையன்று எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு ஜாஸ் கச்சேரி வைக்கிறோம். டிக்கெட்டில் வரும் பணம் முழுவதும் எங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு. வாசிப்பவர்கள் யாரும் சன்மானம் வாங்கவில்லை. மரக்கறி பிரியாணியைக் கோயில் மடைப்பள்ளி பார்த்துக்கொள்கிறது.

கோயிலில் ஜாஸா என்று எங்களுக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். 1950களில் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய, ஜாஸ் ஒலித்த உணவகமான குட்வில் லவுஞ்சின் கதை தெரிந்த தாத்தாக்கள்தான் அவர்கள் வாயை அடைத்தார்கள். 1983இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் நட்டால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பிக்க வந்த பிறகு, அது பட்டம் வாங்கும் படிப்பாகவே ஆகிவிட்டது. ஆகவே கச்சேரி எங்கள் பாடு. தங்களிடம் கேட்க வந்தது அதற்கு மறுநாளைப் பற்றி.

முதலில் எங்கள் பையன்கள் டயாலிசிஸ் இயந்திரம் வாங்கலாம் என்றார்கள். சர்க்கரை நோய் இல்லாத வீடு எங்கள் தெருக்களில் அபூர்வம். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காதான் தடுத்தார். ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், அதற்குத் தனி நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள், ஒவ்வொரு தடவையும் புதுக் குழாய்கள். இயந்திரம் மட்டும் வந்தால் துணி போர்த்தித்தான் வைப்பார்கள் என்றார். சரி, அதை விட்டுவிட்டோம். வெளிநோயாளர் வரிசையில் நாங்களே கண்டது வேறு: கால்மிதி போன சக்கர நாற்காலியில் ஓர் ஆயா, கால் தரையில் இழுபடாமல் இருக்க, பேத்தி பக்கத்தில் குனிந்தபடி அதைத் தாங்கிக்கொண்டே நடந்தாள். அதனால் நாற்காலிகளும் ரத்த அழுத்தக் கருவிகளும் போதும் என்று முடிவு செய்தோம்.

பணமாகக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. கருவூல விதிகளின்படி அரசுக்கு ரொக்கமாக வரும் நன்கொடை அரசின் பொதுக் கணக்கான வருவாய் நிதியில்தான் சேர வேண்டும். விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிக்கெட் வாங்கிய தாத்தாவுக்குத் தன் காசு எந்த நாற்காலியாக வந்தது என்று பார்க்க ஆசை இருக்கும். பொருளாகக் கொடுத்தாலும் கணக்குப் பொறுப்பு அலுவலர் என்ற முறையில் தங்கள் ஒப்புதல் தேவை. அதைக் கச்சேரிக்குப் பிறகு கேட்டு அலைய எங்களுக்கு விருப்பமில்லை. வாங்கிய நாற்காலிகள் மண்டபத்து மூலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அடுத்த வருடம் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

ஆகவே, இந்தப் பொருள்களை ஏற்றுக்கொள்வதாக இப்போதே எழுத்து மூலம் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்த வகை நாற்காலி, எந்த அளவு, எந்தக் கருவிக்கு உதிரிபாகம் இங்கே கிடைக்கும் என்பதை மருத்துவமனையே எங்களுக்கு எழுதித் தரட்டும். கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க மாட்டோம். அப்புறம், வந்த பொருள்களை மருத்துவமனைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி, பழுதுபார்க்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்குமாறு தாங்கள் ஆணையிட வேண்டும். முக்கியமானது இதுதான். புது நாற்காலியின் கால்மிதியும் ஒருநாள் கழலத்தான் செய்யும்.

டிக்கெட்டில் எந்தப் பொருளுக்கு நிதி என்பதை அச்சிட வேண்டியிருப்பதால், ஜூலை மாத முடிவுக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். கோயில் கூட்டத்தில் தமிழில் வாசித்து நிறைவேற்றிய இம்மனுவின் ஆங்கில, சூலு வடிவங்களையும், கோயிலின் பதிவுச் சான்று நகலையும் இணைத்துள்ளோம். நேரில் அழைத்தாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோயில் நிர்வாகக் குழுவினர், இளைஞர் இசைக் குழுவினர்