வாட்டர்ப்ரூஃப்னு வாங்குன பேண்ட்ஸ் அண்டார்டிகாவுல நனைஞ்சு போன கதை – மூணாவது புகார்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

இது நான் எழுதுற மூணாவது மெயில். முதல் ரெண்டுக்கும் ஒரே காப்பி பேஸ்ட் பதில்தான் வந்துச்சு, "தவறான முறையில் துவைத்ததால் வாரண்டி பொருந்தாது"ன்னு. அதனால இந்த தடவ நடந்தது மொத்தத்தையும் எழுதுறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிச்சுட்டு பதில் போடுங்க.

நான் வாங்குனது உங்க கருப்பு கலர் வாட்டர்ப்ரூஃப் பேண்ட்ஸ், டேக்ல 20,000 எம்எம்னு போட்டிருக்கும், அதாவது 20 மீட்டர் உயரத்துக்கு நிக்கிற தண்ணியோட அழுத்தத்தையும் துணி தாங்கும்னு அர்த்தம். துருவப் பயணத்துக்குன்னு உங்க சைட்ல தனியா ஒரு பக்கம் இருக்குல்ல, அதுல முதல்ல நிக்கிறதே இதுதான். அண்டார்டிகா க்ரூஸ்ல பார்க்காவும் (தொப்பி வச்ச கனமான குளிர் ஜாக்கெட்) ரப்பர் பூட்ஸும் அவங்களே குடுத்துட்டாங்க, பேண்ட்ஸ் மட்டும் நாமதான் கொண்டு போகணும். வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டத நம்பாதீங்க, முழு வாட்டர்ப்ரூஃபா பாத்து வாங்குங்க, பூட்ஸ உள்ள விட்டுட்டு அதுக்கு மேல பேண்ட்ஸ் இறங்கணும் இல்லன்னா அலை நேரா பூட்ஸுக்குள்ள போயிடும்னு தெளிவா எழுதி அனுப்பியிருந்தாங்க. அத வச்சுத்தான் உங்களத தேர்ந்தெடுத்தேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மலை ட்ரெக்குக்கு போட்டுட்டுப் போனேன், முழங்கால் வரைக்கும் சேறு. அண்டார்டிகாவுக்கு அப்படியே கொண்டு போக முடியாது, ஒரு புல் விதை ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட கரையில இறங்க விடமாட்டாங்க. அதனால எப்படி துவைக்கிறதுன்னு உங்க சாட்லயே கேட்டேன். "சாதாரண டிடர்ஜென்ட்ல மெஷின்ல போடலாம், துணி மெத்துன்னு இருக்க ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் சேர்க்கலாம்"னு உங்க ஆள்தான் சொன்னாரு. ஸ்க்ரீன்ஷாட் இணைச்சிருக்கேன், தேதியோட. பேண்ட்ஸ் உள்ள தச்சிருக்கிற லேபிள்ல வெறும் 30 டிகிரி குறி மட்டும்தான், சாஃப்ட்னர் போடக்கூடாதுன்னு ஒரு வார்த்த கிடையாது. நான் என்ன பண்ணுவேன், சொன்னத நம்பி போட்டேன்.

அர்ஜென்டினாவோட தென்கோடியில இருக்கிற உஷுவாயாவுல கப்பல் ஏறி, அண்டார்டிகாவுக்கு முன்னாடி வர்ற ட்ரேக் பாசேஜ் கடல தாண்டுறதுக்குள்ள பயோசெக்யூரிட்டி செக்கிங், அதாவது துணியில விதை, மண்ணு ஒட்டியிருக்கான்னு பாக்குறது. எல்லாரும் துணிய வாக்யூம் பண்ணி முடிச்சு காபி குடிக்கப் போயிட்டாங்க, நான் மட்டும் ட்வீசர வச்சுக்கிட்டு உங்க வெல்க்ரோவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். கால் கஃப்ல அவ்ளோ பெரிய வெல்க்ரோ எதுக்கு வச்சீங்கன்னு இன்னும் புரியல, ஒரு பட்டன் போதுமே.

குவர்வில் தீவுக்கு முதல் லேண்டிங். சோடியாக் ரப்பர் படகுல பக்கவாட்டு டியூப் மேலதான் உக்காரணும், எதிர்க்காத்துல ஒவ்வொரு அலைக்கும் தண்ணி மேல அடிச்சு உக்காந்த இடத்துல தேங்கி நிக்கும். பத்து நிமிஷத்துல தொடை பக்கம் துணி தண்ணிய குடிச்சு கனத்துப்போச்சு, பக்கத்துல இருந்தவரோட பேண்ட்ஸ்ல மட்டும் தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. அதுக்கு அப்புறம் பேண்ட்ஸோட சீட் பக்கம், அதாவது பின்பக்கம், ஜில்லுன்னு உள்ளயே இறங்குச்சு. பறவைக் காய்ச்சல் பயத்தால கரையில உக்காரவும் கூடாது முட்டி போடவும் கூடாது, ஈர தெர்மலோட ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே பெங்குவின் பாத்தேன். நடுக்கம் நிக்காததால மத்தியானம் நெகோ ஹார்பர்ல என்னைய இறக்கல. தீவுல இல்லாம கண்டத்துலயே கால் வைக்கிறதுக்கு எங்க ட்ரிப்ல இருந்த ஒரே இடம் அதுதான், நான் கப்பல் ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

இப்ப உங்க "தவறான துவைப்பு" விஷயத்துக்கு வர்றேன். இதுல ரெண்டு கோளாறு இருக்கு, நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கி என் தலையில கட்டுறீங்க. வெளித்துணி தண்ணி குடிச்சது சாஃப்ட்னரால, ஒத்துக்கிறேன். துணி மேல இருக்கிற தண்ணி ஒட்டாத பூச்ச சாஃப்ட்னர் விட்டுட்டுப் போற படலம் மூடிடுது, வெளித்துணி ஊறிப்போனா வேர்வையும் வெளிய போகாம உள்ளயே நிக்குது. ஆனா அத போடச் சொன்னது உங்க ஆள். வந்த பிறகு வாட்டர்ப்ரூஃப் துணிக்குன்னே விக்கிற வாஷ் லிக்விட்ல ரெண்டு தடவ துவைச்சு, நல்லா அலசி, ட்ரையர்ல மெல்லிய சூட்டுல போட்டேன், இப்ப பழையபடி தண்ணி உருண்டு ஓடுது. இத முதல் நாளே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

சீட் ஒழுகுனது வேற கதை. பேண்ட்ஸ் சீட் பகுதிய ஒரு பாத்திரம் மேல தொய்வா கட்டி தண்ணி ஊத்தி வச்சேன். அரை மணி நேரம் ஆகியும் துணி வழியா ஒரு சொட்டு இல்ல, நடுத்தையல்ல மட்டும் வரிசையா சொட்டுச்சு. உள்பக்கம் திருப்பிப் பாத்தா, தையல் ஓட்டைய மூட ஒட்டுற சீம் டேப் ரெண்டு காலுக்கும் நடுவுல வந்து சுமார் நாலு விரக்கடைக்கு ஒட்டவே இல்ல. உரிஞ்சு வந்திருந்தா பசை தடமாவது இருக்கணும்ல, அதுவும் இல்ல. ஆள் உக்காந்தா மழைய விட பல மடங்கு அழுத்தம் விழுற இடம் அது, அங்க டேப் இல்லன்னா 20,000 எம்எம் என்ன 50,000 எம்எம் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். தையலுக்கும் சாஃப்ட்னருக்கும் என்ன சம்பந்தம்னு நீங்கதான் சொல்லணும்.

எனக்கு வேண்டியது முழுப் பணம் திரும்ப, கூப்பன் வேணாம். அடுத்ததா அந்த சாட்ல பதில் சொல்றவங்களுக்கு துவைக்கிற முறைய ஒழுங்கா எழுதிக் குடுங்க, லேபிள்லயும் சாஃப்ட்னர் கூடாதுன்னு போடுங்க, இந்த சீசன்ல வேற யாராவது இதே பேண்ட்ஸோட கிளம்பிக்கிட்டு இருப்பாங்க.

தையல் ஃபோட்டோ, டெஸ்ட் பண்ண வீடியோ, பில் எல்லாம் இணைச்சிருக்கேன். பேண்ட்ஸ திருப்பி அனுப்பணும்னா கூரியர் செலவு உங்களோடது. எத்தன தடவ துவைச்சும் பெங்குவின் எச்ச வாசனை மட்டும் இன்னும் முழுசா போகல, பார்சல பிரிக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க.