சிறை மருத்துவப் பிரிவில் பணிபுரியும் அந்தச் செவிலியருக்கு

மனநிலை மிகையாக எழுவதும் தாழ்வதுமாக இருக்கும் இருமுனை மனநோய்க்காக ஆறு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உட்கொண்டுவந்த என் தம்பி, விசாரணைக் கைதியாகச் சிறைக்குச் சென்றபோது மருந்துச் சீட்டு கையில் இல்லாததால், ஒன்பது நாள்கள் மாத்திரையின்றி இருந்தான். இரவெல்லாம் உறங்காமல் பேசிக்கொண்டிருந்தவனை மற்றவர்கள் அடங்காதவன் என்றே எண்ணியிருக்கிறார்கள்.

சகோதரி, நீங்கள் ஒருவர்தான் அவனருகே அமர்ந்து, "வீட்டில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டீர்கள். மனுப் போட்டு அவனைப் பார்க்க வந்த எங்களை வாயிலில் தேடிவந்து பழைய சீட்டைப் பெற்று மருத்துவரிடம் சேர்த்ததும், இரத்தப் பரிசோதனை முடிந்து மருந்து மீண்டும் தொடங்கியபின், கோடைக்காலத்தில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தாக உயரும் என்பதால் அவனுக்குக் குடிநீர் தடையின்றிக் கிடைக்கச் சொல்லிவைத்ததும் யாரும் கேட்டுச் செய்தவை அல்ல.

ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு கூறுவதைப் பின்னர்தான் படித்தேன். எங்களுக்கு அந்தச் சட்டம் உங்கள் உருவில்தான் வந்தது.

அவனை நீங்கள் எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைத்தீர்களாம். பிணையில் வந்த அன்று அவன் முதலில் சொன்னது அதைத்தான். உங்கள் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இப்பதிவு உங்களை வந்தடைந்தால், அவன் மாத்திரையைத் தவறவிடுவதில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.