ஆண்டறிக்கை 2024–25: ஏர் ரைஃபிள் பெல்லட் தேர்வு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ரேஞ்ச் பராமரிப்பு வழக்கம்போல் நடந்தது. இவ்வாண்டு நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக்குண்டு, சோதனைதான்.

10 மீட்டர் இலக்கு அட்டையில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. பொட்டு. அதற்குமேல் ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி குறைகிறது. தகுதிச்சுற்றின் 60 ஷாட்டிலும் அப்படிக் குறைந்தால் 6 புள்ளி போச்சு. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துச் சேர்த்ததை, சரியில்லாத பெல்லட் டின்னால் தொலைக்கக் கூடாது.

கனமான மேசையில் பதித்த வைஸில், அதாவது இறுக்கிப் பிடிக்கும் கருவியில், ரைஃபிளை அசையாமல் பொருத்தி, பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்ற அளவுகளில் பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி) வாரியாகச் சுட்டோம். பெல்லட்டை மாற்றியதும் முதல் 15 ஷாட் கணக்கில் இல்லை. பேரலின் உட்சுவரில் படிந்த ஈயம் புதியதற்குப் பழக வேண்டும். பிறகு புது அட்டையில் 10 ஷாட், மூன்று முறை. ஒரே ஒரு நல்ல குரூப், அதாவது நெருக்கமான துளைக்கூட்டம், தற்செயலாகவும் வரும். துளைக்கூட்டத்தின் அகலத்தை வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு வெர்னியரில் அளக்கிறோம். மூன்றும் 6 மி.மீ.க்குள் அடங்கினால் போட்டிக்கு, 7ஐத் தாண்டினால் பயிற்சிக்கு. ஒரு ரைஃபிளுக்குப் பிடித்த பேட்ச் பக்கத்து ரைஃபிளுக்குப் பிடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கத்தான் வேண்டும்.

எடை பார்ப்பதில் பலருக்கும் ஆர்வம். 0.53 கிராம் பெல்லட்டில் 0.005 கிராம் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 சதவீதம். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் 17 மி.மீ. தாழ்கிறது, அதில் 1 சதவீதம் 0.17 மி.மீ., 0.1 புள்ளிக்கான 0.25 மி.மீ.யைக்கூட எட்டாது. தராசில் செலவிடும் மாலையை விளிம்பு பார்க்கச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

பெல்லட்டின் பின்புற மெல்லிய விளிம்பை, அதாவது ஸ்கர்ட்டை, விளக்குக்கு நேராகப் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். வட்டம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அங்கே காற்று கசியும், பெல்லட் சாய்ந்தபடி வெளியேறும். டின்னைக் குலுக்குவதும் சட்டைப்பையில் கொட்டிக்கொள்வதும்தான் பெரும்பாலும் காரணம். சாய்த்த கண்ணாடித் தகட்டில் ஒவ்வொன்றாக உருட்டினால், வட்ட வடிவம் கெட்டவை தள்ளாடி வேறு இடத்தில் போய் நிற்கும். ஈரக்காற்றில் வெள்ளைப்பொடி பூத்தவற்றைத் தொடவே வேண்டாம். ஈயம் என்பதால், சிறுவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிட வேண்டும்.

தேறிய பேட்ச் தீர்ந்துவிட்டால், அதே பெயர், அதே அளவு இருந்தும் புது டின் வேறு மாதிரி சுடலாம். எனவே மூடி, லேபிள் எதையும் எறியாமல், பேட்ச் எண்ணையும் ரைஃபிள் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கொள்முதலை அதைப் பார்த்தே செய்யப்போகிறோம்.

செயலாளர்