உங்கள் கையெழுத்து போதும்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நாகர்கோவில் மாநகராட்சி மேயர், ஆணையர் அவர்களுக்கும், நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களின் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்த மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை பி.டி.ஓ.வாக, அதாவது துணை வட்டார வளர்ச்சி அலுவலராக, ஓய்வு பெற்றவள் நான். வீடு தக்கலைப் பக்கம். உள்ளாட்சி ஊழியர்கள் தினமும் ஆபிஸுக்கு வந்து போவதிலும், ஆபிஸ் வேலையாக அங்குமிங்கும் அலைவதிலும் எரியும் பெட்ரோலையும் டீசலையும் குறைக்க வேண்டும் என்பது பற்றித்தான் இந்த மடல். மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்து, அதை ஆட்சியர்களின் பொறுப்பிலேயே அரசு விட்டிருக்கிறது. ஆகவே சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு எடுத்தாலே ஊழியர்களுக்கு அறிவுரை சொல்வதில்தான் தொடங்குகிறோம். வாரம் ஒரு நாள் வண்டியை வீட்டில் வையுங்கள், பஸ்ஸில் வாருங்கள், சைக்கிள் மிதியுங்கள் என்கிறோம். 2022-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் ஊழியர்கள் புதன்கிழமைகளில் சொந்த பெட்ரோல், டீசல் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும் என்று அறிவித்தது. நல்ல முயற்சி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் மாவட்டத்து ஒன்றிய, பேரூராட்சி ஊழியர் பைக்கில் ஏறுவதற்கு அவருடைய ஆசையோ சோம்பலோ காரணமில்லை. ஆபிஸ் அவரை அழைக்கிற விதம்தான் காரணம். அந்த விதத்தை மாற்ற நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

முதலில் மெமோவைச் சொல்கிறேன். மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் மாவட்ட அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். குறிப்பிட்ட படிவத்தில் விவரம் நிரப்பி, 'இன்று மாலை 5 மணிக்குள் தனிநபர் மூலம் சமர்ப்பிக்க' என்று அதில் இருக்கும். விவரத்தை ஒரு மணி நேரத்தில் தயாரித்து மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள் நேரில் போய்ச் சேர வேண்டும். அந்த ஒற்றைத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு இளநிலை உதவியாளர் நாகர்கோவிலுக்குக் கிளம்புவார். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. தேசிய நெடுஞ்சாலையில் முன்னாலும் பின்னாலும் பாறையும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள். மழைக்காலம் என்றால் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. அங்கே தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள். அதே விவரம் அதற்கு முன்பே மின்னஞ்சலில் அவர்கள் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும்.

இந்த மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒரே மெமோ ஒன்பது இடத்துக்கும் போகிறது. ஒன்பது பேர் ஒரே மாலையில் ஒரே மேசைக்கு வருகிறார்கள். பேரூராட்சிகளும் நகராட்சிகளும் இது போக. ஃபைல்களைக் கம்ப்யூட்டரிலேயே நகர்த்தும் இ-ஆபிஸ் வந்த பிறகும் 'தனிநபர் மூலம்' என்ற வரி மெமோவிலிருந்து போகவில்லை. பழைய மெமோவைத் திறந்து, தேதியை மாற்றி அனுப்புகிற வழக்கத்தில் அது அப்படியே தங்கிவிட்டது. சட்டப்படி அசல் தாளே தேவைப்படுகிற இனங்கள் சில உண்டு. அவற்றைப் பட்டியல் போட்டுவிட்டு, மற்ற எதற்கும் ஆள் அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அசலும் வாரத்தில் ஒரு நாள் ஒன்றிய ஜீப்பில் மொத்தமாக வந்தால் போதும்.

அடுத்தது ஆய்வுக் கூட்டம். மூன்று மணிக்கு என்று அழைப்பு வரும், நாலரைக்குத் தொடங்கும். வீட்டுத் திட்டம், நூறு நாள் வேலை, குடிநீர், சாலை, வரி வசூல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு ஒன்றியமாக எழுப்பிக் கேட்பார்கள். தன் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும், மீதி எட்டு ஒன்றியத்தின் கதையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு மணிக்கு வெளியே வந்தால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் பஸ் கிடைக்கும், அதில் சிக்கல் இல்லை. மார்த்தாண்டத்தில் இறங்கி அருமனைக்கும் பத்துகாணிக்கும் போகிறவர்களுக்குத்தான் சிக்கல். ஒரு பெண் ஊழியர் கூட்ட அரங்கில் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு 'இன்னும் முடியல, மார்த்தாண்டம் வந்து நில்லுங்க' என்று டைப் செய்ததைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்புறம் பார்த்தால் அவர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார். கூட்டமே இல்லாத நாட்களிலும் அதிலேயே ஆபிஸுக்கு வரத் தொடங்கினார். மாதத்தில் சில மாலைகள் நேரம் தப்பியதால், மாதம் முழுவதும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஒருவர் பஸ்ஸை விட்டார். இத்தனைக்கும் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது. இலவசமாகப் போகக்கூடியவரைக் கடன் போட்டு வண்டி வாங்க வைத்திருக்கிறோம்.

இதற்கு என் யோசனை, கூட்டத்தின் இடத்தை மாற்றுவது. தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் ஆகிய ஐந்து ஒன்றியங்களும் மாவட்டத்தின் மேற்கில் இருக்கின்றன. குருந்தன்கோடு, ராஜாக்கமங்கலம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கும் நாகர்கோவிலைச் சுற்றி வருகின்றன. மேற்கு ஐந்துக்குமான கூட்டத்தைத் தக்கலையில் வையுங்கள். அங்கே பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகம் இருக்கிறது, கல்குளம் தாலுகா அலுவலகம் இருக்கிறது. நீங்களும் மாவட்ட அலுவலர்களும் இரண்டு வண்டியில் அங்கு வந்தால், ஐந்து ஒன்றியத்து ஜீப்புகளும் அவற்றின் பின்னால் வரும் பைக்குகளும் பாதி வழியோடு நின்றுவிடும். மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு ஜீப் நாகர்கோவில் வந்து திரும்ப ஐந்து லிட்டர் டீசலாவது ஆகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. ஒரு ஜீப்பின் ஒரு கூட்டத்துக்கே பதின்மூன்று கிலோவைத் தாண்டுகிறது.

தக்கலைக்கு வருவது முடியாது என்றால், வீடியோ கான்ஃபரன்ஸ். சென்னையிலிருந்து அழைக்கும் வி.சி.க்கு எல்லாரும் பழகிவிட்டோம். ஆனால் அந்த வி.சி.யைப் பார்க்கவே ஒன்றியத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள். அவரவர் இடத்திலிருந்தே இணைய விடுங்கள். நேரில் வைத்தே ஆக வேண்டிய கூட்டம் என்றால் காலை பதினொரு மணிக்கு வைத்து ஒரு மணிக்கு முடியுங்கள், ஒன்றியங்களுக்கு நேரம் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பி.டி.ஓ.க்கள் இருக்கிறார்கள், இருவரும் தனித்தனி வண்டியில் ஒரே கூட்டத்துக்கு வர வேண்டாம் என்பதையும் அழைப்பிலேயே போட்டுவிடுங்கள். மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்தால்தான் ஒரே வண்டியில் வருவதில் யாருக்கும் கௌரவப் பிரச்சினை இருக்காது.

சென்னைப் பயணமும் இதே கதைதான். ஊரக வளர்ச்சித் துறை இயக்குநர் அலுவலகம் இருக்கும் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் கூட்டம் என்று முந்தின நாள் சொன்னால், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எங்கே இடம் கிடைக்கும்? எழுநூறு கிலோமீட்டர் காரில் போகிறார்கள். இல்லாவிட்டால் திருவனந்தபுரத்துக்குக் கார், அங்கிருந்து விமானம். ராத்திரி ரயில்கள் இருக்கின்றன, 2024-லிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத்தும் ஓடுகிறது. பத்து நாள் முன்னால் தேதி சொன்னால் ரயிலில்தான் போவார்கள். இதைச் சென்னையில் இருப்பவர்களிடம் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இனி பணியிட மாறுதல். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச யாரும் விரும்புவதில்லை, ஆனால் தினசரி ஓட்டத்தில் பெரிய பங்கு இதில்தான் இருக்கிறது. களியக்காவிளைக்காரர் தோவாளையில் வேலை பார்க்கிறார், ஆரல்வாய்மொழிக்காரர் முஞ்சிறையில். மாவட்டத்தின் இரண்டு மூலையிலிருந்தும் காலையில் கிளம்பி, நடுவில் எங்கோ பார்வதிபுரத்திலோ சுங்கான்கடையிலோ எதிரெதிரே கடந்து போகிறார்கள். சொந்த ஊரில் போட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற தொல்லை வரும் என்பது எனக்கும் தெரியும், அதை நான் கேட்கவில்லை. பக்கத்து ஒன்றியத்தில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மனமொத்த மாறுதலுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. ஆனால் யார் எங்கிருந்து எங்கே போகிறார் என்ற பட்டியல் ஒரே இடத்தில் இல்லாததால், ஒத்துப்போகிற இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, பள்ளி திறப்பதற்கு முன்னால், குடியிருக்கும் ஊரையும் வேலை செய்யும் ஒன்றியத்தையும் எல்லாரிடமும் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே பாதி வேலை முடியும். குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

கள ஆய்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊராட்சிக்குத் திங்கட்கிழமை வீட்டுத் திட்டத்துக்கு ஒருவர், செவ்வாய் சாலைக்கு ஓவர்சியர், புதன் குடிநீருக்கு இன்னொருவர் என்று போகிறார்கள். தடம் வாரியாக நாளைப் பிரித்து, ஒரே வண்டியில் போகச் சொல்லலாம். ஊராட்சிச் செயலர்களுக்கும் எந்த நாள் யார் வருவார்கள் என்பது தெரிந்திருக்கும்.

சைக்கிளை நான் கேட்காததற்குக் காரணம் உண்டு. கோட்டாறிலும் வடசேரியிலும் குடியிருந்து மாநகராட்சிக்குப் போகிறவர்களுக்கு அது சரி. மேற்கே ஏற்றமும் இறக்கமுமான சாலையில், வருடத்தில் இரண்டு பருவமழை பெய்கிற ஊரில், ஐம்பது வயது ஊழியரிடம் அதைச் சொல்வது நியாயமில்லை. அவருக்குத் தேவை நேரத்துக்கு வரும் பஸ். குழித்துறையிலிருந்தும் இரணியலிலிருந்தும் ரயிலில் வருகிறவர் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கினால், ஆட்சியர் அலுவலகம் வர இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். காலை ரயிலுக்கும், மாலை 5.45-க்கு ஆபிஸ் விடுகிற நேரத்துக்கும் பொருந்துகிற மாதிரி கோட்டாறு, வேப்பமூடு, ஆட்சியர் அலுவலகம், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வழியாக ஒரு இணைப்பு பஸ் விடும்படி போக்குவரத்துக் கழகத்திடம் கேளுங்கள். ஊழியர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வரும் வயதானவர்களும் அதே பாதையில்தான் வருகிறார்கள்.

பஸ்ஸில் போக வழியே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு பேட்டரி வண்டி. ஊராட்சிகளில் குப்பை அள்ளும் தூய்மைக் காவலர்களுக்கு பேட்டரி வண்டி கொடுத்திருக்கிறோம், அதை சார்ஜ் போடும் வசதியையும் அங்கேயே செய்திருக்கிறோம். மின்சாரம் ஏற்கெனவே வந்துவிட்ட இடத்தில் ஊழியர்களின் ஸ்கூட்டருக்கும் இரண்டு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. வாடகைக்கு எடுக்கும் கார்களில் அடுத்த ஒப்பந்தத்திலிருந்து ஒன்றிரண்டையாவது மின்சாரக் காராகக் கேட்கலாம். முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுழலும் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பயணப்படியையும் சொல்லியாக வேண்டும். பஸ் டிக்கெட் வைத்து எழுதிய பில் மாதக்கணக்கில் கிடந்து, 'ஏன் இந்தத் தேதியில் போனாய்' என்ற கேள்வியோடு திரும்பி வரும். கொஞ்சத் தொகைக்காக இவ்வளவு அலைவதா என்று பலர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். பஸ், ரயில் கட்டணப் பில்களை அந்தந்த மாதமே பாஸ் செய்யச் சொல்லுங்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, கடற்கரை ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன ஊழியர்களில் நானும் ஒருத்தி. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டு வாசலில் நின்று படிவம் நிரப்பியிருக்கிறேன். கடல் சூடாவதைப் பற்றி யாராவது பேசும்போது எனக்கு அந்த வாசல்கள் ஞாபகம் வரும். ஒன்பது ஒன்றியத்து ஜீப்புகளை நிறுத்தினால் கடல் குளிர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. மக்களிடம் பிளாஸ்டிக்கை விடு, மரம் நடு என்று சொல்லும் அலுவலகம், தன் ஒற்றைத் தாளுக்காக அறுபது கிலோமீட்டர் பைக் ஓட விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பட்டியல் போடவோ, எந்த மெமோவுக்கு அசல் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துக் கொடுக்கவோ ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இன்னும் சிலரும் வருவார்கள். அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்துக்கான கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால், மேற்கு ஒன்றியங்களுக்கு இடம் தக்கலை, நேரம் காலை 11 மணி என்று திருத்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றிய ஊழியர்,
தக்கலை.