‘வரலாறும் உணவும்’ புதுச்சேரிச் சுற்றுலா: சேவைக் குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்:
கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்
(பெயர், முன்பதிவு எண், பணம் செலுத்திய ரசீது ஆகியவை இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: விளம்பரத்தில் உறுதியளித்த இடங்களையும் உணவையும் வழங்காதது, தவறான வரலாற்றுத் தகவல்கள் தந்தது, கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

கடந்த தை மாதம் ஒரு சனிக்கிழமையன்று, தங்கள் நிறுவனம் நடத்தும் ‘வரலாறும் உணவும்’ என்னும் முழுநாள் சுற்றுலாவில், நபருக்கு 1,800 ரூபாய் கட்டணம் செலுத்தி, நானும் என் மனைவியும், ஈப்போவிலிருந்து வந்திருந்த என் அத்தை மகன் குடும்பத்தாரும் கலந்துகொண்டோம். நான் கடலூர்க்காரன், புதுச்சேரி எனக்குப் புதிய ஊர் அன்று. இருந்தும் தங்களிடம் பதிவு செய்ததற்குக் காரணம், தமிழர் வாழ்ந்த வீதிகள், அரிக்கமேடு, பெரிய மார்க்கெட், ஒரு வீட்டுச் சமையல் என்று தங்கள் விளம்பரம் வரிசையாகச் சொன்னதுதான். மூன்று தலைமுறையாக மலேசியாவில் வாழும் உறவினர்களுக்கு, விவரம் தெரிந்தவர் ஒருவர் இந்த ஊரை முறையாக எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை காலையிலேயே குறையத் தொடங்கியது.

அன்று நாங்கள் நடந்த தூரத்தில் பெரும்பகுதி ஒயிட் டவுன் என்னும் பிரெஞ்சுப் பகுதியிலேயே முடிந்துவிட்டது. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலக் கதவு என்று ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திப் புகைப்படம் எடுக்கச் சொன்னார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வைசியாள் வீதியை வேனில் இருந்தபடியே காட்டினார்கள். தெருவை ஒட்டி மரத்தூண்களின் மேல் ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, வழிப்போக்கரும் உட்கார்ந்து எழுந்து போகும்படி திண்ணை கட்டி, உள்ளே வானம் பார்த்த முற்றம் வைத்த அந்த வீடுகளின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருந்தால்கூட என் உறவினர்கள் மனம் நிறைந்திருப்பார்கள். கீழ்த்தளம் தமிழர் பாணியிலும் மேல்மாடி பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்த வீடுகள் இந்த ஊருக்கே உரியவை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நிகழ்வுகளை நாட்குறிப்பாக எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, ரங்கப்பிள்ளை வீதியில் உள்ளது, அதற்கு நல்ல சான்று. அந்த மாளிகையின் பெயர் தங்கள் விளம்பரத்தில் தடித்த எழுத்தில் உள்ளது. வேனோ அந்த வீதிக்குள் நுழையவே இல்லை. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லமும் ‘நேரமில்லை’ என்று கைவிடப்பட்டது. 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில் இருந்தார், இங்கிருந்து வெளியேறியதும் கைதாகி எங்கள் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார் என்பதை என் உறவினர்களுக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது.

விடுபட்டவற்றைக் காட்டிலும் சொல்லப்பட்டவை என்னை அதிகம் வருத்தின. புதுச்சேரியை நிறுவியவர் துய்ப்ளே என்றும், ஒயிட் டவுன் வீடுகள் அவர் காலத்திலிருந்து அப்படியே நிற்கின்றன என்றும் வழிகாட்டி கூறினார். 1674 முதல் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை உருவாக்கியவர் பிரான்சுவா மர்த்தேன். துய்ப்ளே ஆளுநரானது 1742இல். 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினர். இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சு வீதிகள் அதன் பிறகு எழுந்தவை. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கற்றூண்கள் பாரிசிலிருந்து கப்பலில் வந்தவை என்றார். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. செஞ்சிக் கோட்டையைப் பார்த்த எவரும் அந்தச் சிற்பவேலையைத் தமிழ்நாட்டுக் கைவண்ணம் என்று உடனே கண்டுகொள்வார்கள்.

மிஷன் வீதியில் சம்பா கோயில் என்னும் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு முன் நின்றபோது, என் அத்தை மகனின் மகள், ‘இந்தப் பக்கத்தில் முன்பு என்ன இருந்தது?’ என்று கேட்டாள். ‘காலி இடம்’ என்று பதில் வந்தது. அங்கே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. துய்ப்ளே ஆட்சியில், 1748ஆம் ஆண்டு செப்டம்பரில், அது இடிக்கப்பட்டது. அந்த நாட்களில் ஊர் பட்ட துயரை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் வேறிடத்தில் எழுப்பப்பட்ட கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. எந்தச் சமயத்தார் மீதும் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. ஊரின் வரலாற்றைச் சொல்வதாகப் பணம் வாங்கிய பிறகு, கேட்ட பிள்ளைக்கு உண்மையைச் சொல்வது தங்கள் கடமை.

அரிக்கமேட்டுக்குப் போகவே இல்லை. ‘அங்கே பார்க்க ஒன்றுமில்லை சார், வெறும் செங்கல்தான்’ என்று சொல்லிவிட்டார்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய உலகத்தோடு கடல் வாணிகம் நடந்த இடம் என்று உலகுக்குக் காட்டிய ஊர் அது. மதுச்சாடிகளின் உடைசல்களும் மணிகள் செய்த தடயங்களும் அங்கே கிடைத்தன. ஆற்றங்கரையில் உள்ள அந்த இடத்துக்குப் போக நேரம் போதாது என்றால், கண்டெடுத்த பொருட்கள் வைக்கப்பட்டிருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்காவது அழைத்துச் சென்றிருக்கலாம். அது ஒயிட் டவுனிலேயே இருக்கிறது.

இனி உணவு. ‘உள்ளூர்க் குடும்பத்தின் சமையல்’ என்று எழுதியிருந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஓர் உணவகத்தின் மாடியில் பாஸ்தாவும், ‘வஞ்சிரம் வறுவல்’ என்ற பெயரில் ஒரு வெள்ளைத் துண்டும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் நடுவில் முள் வட்டமாகத் தெரியும், ஓரத்தில் தோல் வெள்ளியாக மின்னும், சதை கெட்டியாக இருக்கும். தட்டில் இருந்ததில் முள்ளும் இல்லை, தோலும் இல்லை. விரல் பட்டதும் தண்ணீர் விட்டுக் குழைந்தது. அது உறையவைத்த பாசா என்னும் நன்னீர் வளர்ப்பு மீன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த என் மனைவி ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் சித்திரையில்தான் தொடங்குகிறது. தை மாதத்தில் இந்தக் கரையில் நல்ல மீனுக்குப் பஞ்சமே கிடையாது. பெரிய மார்க்கெட்டுக்குள் அழைத்துப் போயிருந்தால், அரிவாள்மனை முன் உட்கார்ந்து மீன் ஆய்ந்து தரும் பெண்களிடமே சங்கரா எது, கொடுவா எது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டிருப்பார்கள். எங்களை வாசலில் நிறுத்தி, ‘உள்ளே வாடை அடிக்கும்’ என்று திருப்பி அழைத்துவந்தார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே உழைக்கும் பெண்களிடம் தாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

கையில் தந்த துண்டறிக்கையில் இன்னொரு பிழை உண்டு. ‘வதுவான்’ என்னும் மசாலாவைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறானது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, மஞ்சள் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கும் நம் தாளிப்பு வடவம்தான் இங்கிருந்து பிரெஞ்சுச் சமையலறைக்குப் போய் அந்தப் பெயரைப் பெற்றது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோடைதோறும் உருட்டும் பொருளை, அயலார் தந்த கொடை என்று காசு கொடுத்துப் படிக்க நேர்ந்தது எங்களுக்கு மிகுந்த வேதனை அளித்தது.

மாலையில் கடற்கரைச் சாலையில் இறக்கிவிடுவதாகத் திட்டத்தில் இருந்தது. ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பது ஊரறிந்த செய்தி. அதைக் கணக்கில் கொள்ளாமல் ஆறரை மணிக்குக் கொண்டுவந்ததால், முழங்கால் வலியுள்ள என் அத்தை நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது.

வழிகாட்டியாக வந்த தம்பி மீது தாங்கள் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பணிவாகவே நடந்துகொண்டார். அலுவலகத்தில் கொடுத்த குறிப்பைக் கைப்பேசியில் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னதாக அவரே கூறினார். பிழை அந்தக் குறிப்பிலும், படிக்கவோ நேரில் பார்க்கவோ அவகாசம் தராமல் அவரை வேலைக்கு அனுப்பியதிலும் இருக்கிறது.

எனவே, விளம்பரத்தில் சொல்லி வழங்காத பகுதிகளுக்காக நபருக்கு 900 ரூபாய் வீதம் திருப்பித் தர வேண்டும். வழிகாட்டிகளுக்குத் தரும் குறிப்பையும் துண்டறிக்கையையும் வரலாறு அறிந்த ஒருவரைக் கொண்டு திருத்தி, திருத்திய படியை எனக்கு அனுப்ப வேண்டும். அரிக்கமேட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் அழைத்துச் செல்லும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பெயர்களை விளம்பரத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய காரணங்களுக்காக, நான் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். விளம்பரத்தின் நகல், துண்டறிக்கை, உணவின் புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.