செக்கப்பில் மனசையும் விசாரியுங்கள்

தர்மபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண், சத்துமாவு, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம், சமுதாய வளைகாப்பு என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில் குறையில்லை. எடை, பிரஷர், ரத்த அளவு எல்லாம் அட்டையில் ஏறிவிடுகிறது. "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று யாரும் கேட்டுத்தான் நான் பார்த்ததில்லை.

சாப்பாடும் கவலையும் தனித்தனி இல்லை. கணவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போயிருப்பான். குழுக் கடன் தவணை கேட்டு வந்தவர் விடியற்காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் சோறு இறங்குமா? பெட்டகத்துப் பேரீச்சம்பழம் மூத்த பிள்ளைக்குப் போகும். இரும்புச் சத்து மாத்திரை மாடத்தில் கிடக்கும். விழுங்கினாலும் டீயோடுதான், டீ அந்தச் சத்தைச் சரியாகச் சேரவிடாது.

வயிற்றுப் பிள்ளை தனக்கான இரும்பைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்த்துக்கொள்கிறது. தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான் என்பதால், பிறந்த முதல் சில மாதங்களுக்கு மூளை வளர அந்தச் சேமிப்புதான் கைகொடுக்கிறது. அப்புறம் கவலை. பதற்றத்தில் தாய்க்குச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனில் பெரும்பகுதியை, பிள்ளையை எட்டுமுன் நஞ்சுக்கொடி முறித்துவிடும். நல்ல சாப்பாடு இல்லாமல், கவலையும் மாதக்கணக்கில் நீண்டால் அந்தக் காவல் தளரக்கூடும். குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிற்பாடு பேச்சிலும் கவனத்திலும் பின்தங்குவது ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது. இதை வைத்துத் தாயைக் குறை சொல்லவும் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டே கேள்வி. ஒரு மாதமாக மனசு சோர்ந்தே கிடக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? ஒவ்வொரு செக்கப்பிலும் செவிலியர் இதைக் கேட்கட்டும், மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு. பக்கத்தில் அவர் இருந்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். ஆமாம் என்று சொல்பவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். இடையில் பேச அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. அந்த எண்ணை அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.

அப்படியே வளைகாப்புக்குக் கணவனையும் கூப்பிடுங்கள். வேலை நாளில் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
பென்னாகரம் வட்டம்