சீட்டை விரலால் அழுத்திப் பார்த்து வண்டி வாங்காதே

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய மூன்று வண்டிகளையும் பார்த்தேன். ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350, ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650. "எதுப்பா தூரத்துக்குச் சொகுசு?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் "சரிப்பா, மீட்டிங் வந்துருச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்ஜின் விஷயம் என்னைவிட உனக்கு அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தது சீட். வண்டி சீட் தைக்கிற நம்ம கடைக்கு வருகிறவர்கள் முதுகு வலி, இடுப்பு வலி என்று சொல்லச் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொண்டது அது. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போது இருக்கிற ஸ்போர்ட்ஸ் வண்டியில் புனேயிலிருந்து கிளம்பிக் கோலாப்பூர் வருவதற்குள் மணிக்கட்டு மரத்துப்போகிறது என்றாய். மரத்துப்போகாமல் என்ன செய்யும்? வண்டியில் உட்காருகிற ஆளின் எடை மூன்று இடத்தில்தான் இறங்கும்: பின்புறம், கை, பாதம். ஹேண்டில் தாழ்ந்து, ஃபுட்ரெஸ்ட் பின்னால் போய்விட்டால், உடம்பு முன்னால் சாய்ந்து எடையில் ஒரு பங்கு உள்ளங்கைக்கு வந்துவிடும். ஊருக்குள் அது தெரியாது. மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகும்போதுதான் தெரியும்.

இதற்கு மாற்று என்று எல்லாரும் நேரே குரூசருக்கு, அதாவது மீட்டியோர் மாதிரி தாழ்ந்த சீட்டில் கால் நீட்டி ஓட்டுகிற வண்டிக்குப் போகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். குரூசரில் கைக்கு வேலையே இல்லை, சரி. ஆனால் கால் முன்னால் நீண்டுவிடுகிறது. கால் முன்னால் போனால் பாதம் எடை தாங்காது. மொத்த எடையும் நடுமுதுகுக்குக் கீழே, வால் எலும்பில் போய் உட்காரும். ஒரு பள்ளம் வந்தால் நீ லேசாக எழுந்து வாங்கிக்கொள்ள முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குத்தான். மணிக்கட்டு வலியைக் கொடுத்துவிட்டு இடுப்பு வலியை வாங்கிவருகிற பண்டமாற்று அது.

அப்பா சொல்ல வந்தது இவ்வளவுதான்: உன்னை அசைய விடுகிற வண்டிதான் சொகுசான வண்டி. எவ்வளவு மெத்தையாக இருந்தாலும், ஒரே மாதிரி உட்கார வைக்கிற வண்டி வலிக்கத்தான் செய்யும்.

கடைக்கு வருகிற பையன்கள், "அண்ணா, மெத்து மெத்துன்னு பண்ணிக் குடுங்க" என்பார்கள். கல்யாண மண்டபத்து சோபா மாதிரி வேண்டும் அவர்களுக்கு. மெத்தென்ற ஃபோம் முதல் அரை மணி நேரத்துக்குத்தான் நன்றாக இருக்கும். நாம் உட்காரும்போது தரையில் படுகிற இரண்டு எலும்பு இருக்கிறதே, அது மெதுவாக ஃபோமை அமுக்கிக்கொண்டே போய் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் முட்டும். அப்புறம் நீ உட்கார்ந்திருப்பது ஃபோமின் மேல் அல்ல, தட்டின் மேல். கொஞ்சம் கெட்டியாக, அகலமாக, எடையைப் பரப்பி வாங்குகிற ஃபோம் ஷோரூமில் கல் மாதிரி தெரியும். மதியத்துக்கு மேல் அதன் அருமை தெரியும். ஆகவே ஷோரூமில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காதே. சேல்ஸ் பையன் சிரித்தாலும் பரவாயில்லை, வண்டி மேல் இருபது நிமிஷம் உட்கார்ந்திரு. முன்னும் பின்னும் நகர்ந்து பார். அப்புறம் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காமல், பாதத்தை ஊன்றி மட்டும் எழ முடிகிறதா என்று பார். முடிந்தால் ஃபுட்ரெஸ்ட் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி உன் மூன்று வண்டிகளுக்கு வருகிறேன்.

மீட்டியோர்: சீட் உயரம் 765 மி.மீ., வண்டி எடை 191 கிலோ. உன் உயரத்துக்கு இரண்டு காலும் தரையில் அழகாகப் பதியும். அதில்தான் நீ மயங்கியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆனால் சீட் பள்ளமாக இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் நகர இடமில்லை. காலும் முன்னால். மேலே சொன்ன கதைதான்.

இன்டர்செப்டர்: தட்டையான நீள சீட், 804 மி.மீ. முன்னும் பின்னும் நகரலாம், எனக்குப் பிடித்த அமைப்பு. இரண்டு சிலிண்டர், அதிர்வு குறைவு. ஆனால் பின் ஷாக் அப்சார்பர் ஏறி இறங்குகிற தூரம் 88 மி.மீ.தான். பாலத்துக்குப் பாலம் வருகிற ஜாயின்ட் ஒவ்வொன்றும் முதுகில் எண்ணிக்கை வைக்கும். அதோடு 47 குதிரை சக்தி எதற்கு உனக்கு? நாலு வழிச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு 2018 அறிவிப்புப்படி உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு மீட்டியோரின் 20 குதிரையே போதும். லாரியைத் தாண்டக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது, அவ்வளவே.

என் ஓட்டு ஹிமாலயனுக்கு. ஹேண்டில் உயரமாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கீழே. நினைத்தபோது எழுந்து நிற்கலாம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் 200 மி.மீ. ஏறி இறங்கும். டேங்க் 17 லிட்டர். (மூன்றில் எது வாங்கினாலும் டேங்குக்கு முன்னால் உன் முதுகுதான் காலியாகும். மைலேஜ் கணக்கைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே.) வாங்கினால் டியூப்லெஸ் டயர் உள்ள வகையாகவே கேள். சித்ரதுர்கா தாண்டி ராத்திரியில் டியூப் பஞ்சரானால் எந்த சீட்டும் சொகுசில்லை.

சீட் உயரம் 825 மி.மீ. என்பதுதான் உன் கவலை, தெரியும். இங்கேதான் அப்பாவின் தொழில் வருகிறது. எல்லாரும் உயரத்தைக் குறைக்க ஃபோமை மேலே சீவச் சொல்வார்கள். சீவினால் தட்டு பக்கத்தில் வந்துவிடும், மறுபடி வலி. நான் செய்வது வேறு. சீட்டின் முன்மூக்கில், தொடை படுகிற இரண்டு ஓரத்தையும் சரித்து ஒடுக்குவேன். கால் அகலமாக விரியாமல் நேராக இறங்கும். உயரம் குறையாமலே பாதம் தரைக்கு வரும். உட்காருகிற இடத்தில் ஃபோம் முழுசாக இருக்கும். தையலையும் நடுவில் போட மாட்டேன். எலும்புக்கு நேராகத் தையல் வந்தால் நாலு மணி நேரத்தில் புண்ணாகிவிடும். ரெக்சின் சொரசொரப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டு போவாய். ஜெல் வைக்கட்டுமா என்று கேட்பாய். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பார், அப்புறம் கேட்க மாட்டாய்.

ஒன்று மட்டும்: கம்பெனி சீட்டை வெட்டக் கூடாது. தனியாக ஒரு சீட் வாங்கி அதில்தான் வேலை செய்ய வேண்டும். பின்னால் விற்கும்போது ஒரிஜினலைக் கேட்பார்கள்.

இரண்டு காலும் முழுசாகத் தரையில் பட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை நன்றாக ஊன்றினால் போதும். ஆனால் பெட்டி கட்டி, சரிவில் நிறுத்தி, பின்னால் தள்ளிப் பார். டெஸ்ட் ரைடில் இதை யாரும் செய்வதில்லை. அதிலும் பயமாக இருந்தால் பிடிவாதம் வேண்டாம், மீட்டியோரையே எடுத்துக்கொள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் அதிலும் வந்துவிடலாம்.

காற்றை மறந்துவிடாதே. புனேயிலிருந்து நம்ம கோவைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சித்ரதுர்கா பக்கம் மலை மேல் காற்றாலைகளைப் பார்த்திருப்பாய். சும்மா நிறுத்தவில்லை அவற்றை. ஆடியில் வந்தால் இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். நெஞ்சில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் நீ அறியாமலே ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பாய், கை அதனாலும் மரக்கும். சின்ன விண்ட்ஷீல்டு உதவும். ஆனால் அதன் மேல்விளிம்பிலிருந்து வருகிற காற்று சரியாக ஹெல்மெட்டில் அடித்தால் தலைவலிதான் மிச்சம், அதனால் ஓட்டிப் பார்த்து உயரத்தை முடிவு செய். காதில் வைக்கிற ஃபோம் அடைப்பான் மெடிக்கலில் கிடைக்கும். ஹாரன் கேட்கும், இரைச்சல் குறையும், சாயங்காலம் வந்து இறங்கும்போது அசதி பாதிதான் இருக்கும். கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் உன் கை நேராக இருக்கிற கோணத்துக்குத் திருப்பி வைக்கச் சொல். காசே ஆகாத வேலை, யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊட்டிக்கு உன் பின்னால் உட்கார்ந்து வர வேண்டுமாம். ஹிமாலயனின் பின்சீட்டைப் படத்தில் பார்த்துவிட்டு, "ஏணி குடுப்பாங்களா?" என்றாள். நீ வாங்கி வா, அவளே ஏறிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது எப்போதும் போடுகிற ஷூவையும் ஜீன்ஸையும் போட்டுக்கொண்டு போ. போவதற்கு முன்னால் சுவரில் முதுகு ஒட்டி நின்று, கவட்டிலிருந்து தரை வரை டேப்பில் அளந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எவ்வளவு ஒடுக்க வேண்டும் என்று இங்கேயே கணக்குப் போட்டு வைக்கிறேன். தனி சீட்டை கோவை விலாசத்துக்கே ஆர்டர் செய்துவிடு. நீ வந்து சேருவதற்குள் ரெக்சின் போட்டு முடித்துவிடலாம். கறுப்பா, பழுப்பா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா